பின்னணிச் சேவை

பத்தாம் தேதி. இலைப்பணம் போடும் நாள்.
கக்குச்சி மாதா கவுடர் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.
மஃப்ளரை அவிழ்க்காமல் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறார்.
அவருக்குப் பின்னால் அரவேணுக்காரர்கள் ஆறு பேர்.
ஜனவரி. பனி கருக்கியதுபோக மிஞ்சிய இலைக்கு
கிலோவுக்கு எவ்வளவு என்று
நான் சொல்ல வேண்டும்.
நான் கேட்டால் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

வட்டம் சுற்றுகிறது.

'ம' அடித்தேன்.
ஃபேக்டரி சங்கு ஊதி
ஊதியது அடங்கி
எதிர்ச்சரிவில் நாய் குரைத்து முடித்த பிறகு
'ம' வந்தது.

குன்னூருக்குப் போன் போட்டேன்.
"வைரஸ் இல்ல மேடம்," என்றான் இம்தியாஸ்.
"உள்ள இருக்குற எல்லா ஃபைலையும் அது படிச்சுக்கிட்டிருக்கு.
நாளைக்கு நீங்க எதையாவது தேடினா
சட்டுனு எடுத்துக் குடுக்கணும்ல, அதுக்கு."

நான் எதையும் தேடுவதில்லை, இம்தியாஸ்.
பதினோரு வருஷமாக
எது எங்கே என்று எனக்குத் தெரியும்.

இருந்தாலும் படிக்கிறது.
விலை ஏழு ரூபாய்க்கு விழுந்த வருஷத்தின் கணக்கை,
லிங்கன், லிங்கன் ஜே., ஜே.லிங்கன் என
ஒரே ஆள் மூன்று ஆளாக வாங்கிய முன்பணத்தை,
பாய்லர் விறகு பில்லை,
காட்டெருமை புகுந்து நாசமான எட்டு சென்ட்டுக்கு
எழுதி, பதில் வராத மனுவை,
மேனேஜர் மகள் கல்யாணப் பத்திரிகையின்
நாலு மாதிரிகளை
(நாலாவதில் மாப்பிள்ளை பெயர் வேறு).
யாரும் கேட்கவில்லை.
பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் பிள்ளைபோல
ஒரு வரி விடாமல்.

மேஜைக்கடியில் அதன் விசிறி இரைகிறது.
இரண்டு சாக்ஸ் போட்டும் மரத்துக் கிடந்த பாதத்தில்
வெந்நீர் ஆவிபோல் ஒரு காற்று.
ஹீட்டர் வாங்க மூன்று முறை எழுதிக்கொடுத்தவள் நான்.
செருப்பைக் கழற்றினேன்.

"நிறுத்திடவா மேடம்? ஒரே கிளிக்தான்.
சொல்றேன், பண்ணுங்க."
அவன் சொன்ன இடத்துக்குப் போனேன்.
அம்புக்குறி அந்தச் சொல்லின் மேல் நின்றது.
அங்கேயே வைத்துவிட்டு,
ஏன் என்று தெரியாது,
தேடும் கட்டத்தில்
'விலகி' என்று அடித்தேன்.

அதற்கு மட்டும் வட்டம் சுற்றவில்லை.

பழைய வவுச்சர், அதற்குள் மூன்று, அதற்குள் 'இதர'.
அனுப்புநர்: த. ஜெபராணி, கணக்கர்.
எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.
'நாளை முதல் பணியிலிருந்து விலகி கொள்கிறேன்.'
பிரிண்ட் எடுக்காதது.
வீட்டில் சொல்லாதது.
எனக்கே மறந்துபோக வேண்டுமென்று
மூன்று பெட்டிக்குள் பெட்டியாகப் போட்டது.
அதையும் படித்திருக்கிறது.
விறகு பில்லைப் படித்த அதே முகத்தோடு.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன்.
"இருக்கட்டும் விடு இம்தியாஸ். படிச்சு முடிக்கட்டும்."

ஜன்னலில் மாதா கவுடர் கண்ணாடியைத் தட்டினார்.
பத்து நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.
பத்து நிமிஷமா பத்து நாளா என்று
அவர் விரல் கேட்டது.

மூடப்போன கடிதத்தில் ஒன்று உறுத்தியது.
'விலகி'க்குப் பக்கத்தில் ஒரு 'க்' வர வேண்டும்.
எட்டு வருஷம் ஒற்று இல்லாமல் கிடந்திருக்கிறது.
போட்டேன்.
சேமிக்கவா என்றது. சேமி.

மேஜைக்கடியில் சிவப்பு விளக்கு துடித்தது.
மாறியிருக்கிறதாம்.
ஒரு 'க்'குக்காக
கடிதத்தை முதல் வரியிலிருந்து
மறுபடி படிக்கத் தொடங்கியது.

பாதத்தை இன்னும் கொஞ்சம்
கிட்டே நகர்த்திக்கொண்டேன்.