பதினான்கு தையல்

வெஸ்க்கர் துறைமுகத்தில் காயம் தைப்பவள் நான்.
கடல்நாய் கடித்தது, கயிறு அறுத்தது,
குடித்துவிட்டுக் கத்தி எடுத்தது,
எல்லாம் என் கதவுக்குத்தான் வரும்.

இந்த ஊசியைச் சாம்பல் தீவு வியாபாரியிடம் வாங்கினேன்.
ஆறு காசு கேட்டான். நாலுக்குப் பேசி முடித்தேன்.
பேரத்தில் ஜெயித்ததாக எனக்கு ஒரு சிரிப்பு வேறு.
ஊசிக் காதில் இரண்டு முழ நூல் தொங்கியது,
மீன் செதிலின் நிறத்தில்.
இதுவுமா என்றேன்.
இதுவும்தான் என்றான், என் முகம் பார்க்காமல்.

முதலில் யெஸ்வினைத் தைத்தேன்.
திமிங்கல ஈட்டி தவறி, தோளிலிருந்து விலா வரை
பிளந்து கிடந்தான். அப்போது அவன் யாரோ.
இருபத்துமூன்று தையல்.
கடைசித் தையலோடு நூலும் தீர்ந்தது.
காலையில் எழுந்து கஞ்சி கேட்டான்.
கோடையில் என்னைக் கேட்டான்.

அடுத்து மருத்துவச்சி ஹவ்ரினின் உள்ளங்கை. ஐந்து.
கோக்க நூல் தேடினால், காதில் ஏற்கெனவே இருந்தது.
அன்றிரவு யெஸ்வினின் தோளில், சட்டைமேல் ஒரு சிவப்பு.
மூட்டை தூக்கியிருப்பாய் என்று திட்டினேன்.
அப்புறம் இல்க் என்ற பையனின் கணுக்கால். நாலு.
அன்றிரவு திட்டவில்லை. எண்ணினேன்.

ஊசி வேலை செய்வது இப்படி:
உலகத்தில் இருப்பது ஒரே நூல்.
புதுக் காயத்துக்கு வேண்டியதை
ஆகப் பழைய தையலிலிருந்து உருவிக்கொள்ளும்.
பிரிந்த இடம் வடுவாகக்கூட இருக்காது,
ஈட்டி பாய்ந்த அன்றுபோல் ஈரமாகத் திறக்கும்.
வேறு நரம்போ பட்டோ அங்கே நிற்காது, நழுவிவிடும்.
துணியைத் தைக்காது. செத்த மீனைத் தைக்காது.
ஏமாற்றிப் பார்த்துவிட்டேன்.

கடலில் எறியேன் என்கிறாள் ஹவ்ரின்.
எறிந்தால் யாரோ எடுப்பான்.
எடுத்தவன் யாரையோ தைப்பான், நல்ல மனதோடு,
நான் பெயர் அறியாத ஊரில்.
இங்கே என் படுக்கையில் நூல் நகரும்.
உடைத்தால் என்னாகும்? தெரியாது.
சோதித்துப் பார்க்க
இன்னொரு யெஸ்வின் என்னிடம் இல்லை.
கழுத்தில் கட்டிக்கொண்டு தூங்குகிறேன்.
சாபம் என்றால் விடாமல் ஒட்டிக்கொள்வது என்று நினைத்திருந்தேன்.
இதை எந்த நேரமும் விட்டுவிடலாம்.

இன்னொன்று. சொல்ல நாக்கு கூசுகிறது.
தைக்கப்பட்டவர் செத்தால் அவர் நூல் ஊசிக்கே திரும்பும்,
யாருக்கும் கடன்படாத நூல்.
வியாபாரியிடம் தொங்கிய இரண்டு முழம் எங்கிருந்து வந்தது,
ஏன் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
எல்லாம் பிறகுதான் விளங்கியது.
போன முறை பனி இளகிய வாரம்
இல்க் கடல்நாயைத் துரத்தி மெல்லிய பனிமேல் ஓடினான்.
ஜன்னலில் நின்றிருந்தேன்.
கத்திக் கூப்பிட்டேன், திரும்பி வந்துவிட்டான்.
கூப்பிடுவதற்கு முன் நாலு எண்ணினேன்.

யெஸ்வினுக்கு எல்லாம் தெரியும், அந்த நாலைத் தவிர.
மெழுகுத் துணி சுற்றிய தோளோடு வலை பின்னுகிறான்.
மிச்சம் பதினான்கு. இதயத்துக்கு மேலே போகிறது அந்த வரிசை.
தும்மும்போது கையை அங்கே வைத்துக்கொள்கிறான்,
காற்றில் தொப்பியைப் பிடிப்பவன்போல.

இன்றிரவு, இரண்டாம் நிலா ஏறிய நேரம், கதவு தட்டுகிறார்கள்.
சறுக்குவண்டியில் ஒரு பெண். வயிறு.
என் கண் தானாக அளக்கிறது: பத்து, பன்னிரண்டு,
அதற்கு மேலும் இருக்கும்.
உப்பு ஜாடியிலிருந்து ஆட்டு நரம்பை எடுக்கிறேன்.
இது போதும், இது போதும் என்று
வாசலில் நடுங்கும் அவள் தம்பியிடம் சொல்கிறேன்.

பின்னால் விளக்கை நகர்த்தும் சத்தம்.
யெஸ்வின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறான்,
மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல்.