கையெழுத்து

நாமக்கல் நுகர்வோர் கோர்ட்டில்
"சென்னியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன்" என்று
மூணு தரம் கூப்பிடுவார்கள்.
முதல் தரத்துக்கே வலது கை எழுந்துவிடும்,
ரிக் வண்டியில் கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே
'நிறுத்து' என்று காட்டிப் பழகிய கை.
நாலு விரல் இல்லாததை
மேலே போன பிறகுதான் பார்த்துக்கொள்ளும்.

விரல்கள் ராய்ப்பூருக்கு அந்தாண்டை
ஒரு மக்காச்சோளக் காட்டில் கிடக்கின்றன.
அறுநூத்தி இருபதடி. தண்ணி வந்தது.
ராடு நழுவியதும் அப்போதுதான்.
காட்டுக்காரர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.
நான் கத்தியதை
சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பார்.

கம்பெனிக் கடுதாசி ஆறு மாசம் கழித்து வந்தது.
மகள் படித்து அர்த்தம் சொன்னாள்:
"கட்டைவிரல் இருக்குதாம்ப்பா.
அதனால கை போனதா ஆகாதாம்."
எட்டு வருசம் பிரீமியம் பிடிக்கையில்
ஒருத்தரும் விரல் எண்ணவில்லை.

வழக்குப் போட்டோம்.
கம்பெனி வக்கீல் எழுந்தார், நல்ல மரியாதைக்காரர்:
"பாலிசியில ஒரு கையெழுத்து, மனுவுல ஒரு கையெழுத்துங்க.
அவருதான் இவருங்கறதுக்கு என்னங்க ஆதாரம்?"
கோர்ட்டே என் இடது கையைப் பார்த்தது.
வெட்கமாகப் போய்விட்டது,
கள்ளக் கையெழுத்துப் போட்டவன் மாதிரி.

அப்புறம் வாய்தா. வாய்தா.
பதினோரு மாசம்
மகளின் பழைய ரெட்டைக்கோடு நோட்டில்
ராத்திரி ராத்திரி எழுதினேன்.
கொம்பு சாய்ந்தது. சுழி உடைந்தது.
'ன்னி' மட்டும் நாப்பது பக்கம்.
வலது கை பக்கத்தில் உட்கார்ந்து
கட்டைவிரலால் தாளைப் பிடித்துக்கொடுத்தது.

போன செவ்வாய்க்கிழமை
எல்லார் முன்னாலும் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
பாலிசித் தாளோடு வைத்துப் பார்த்தார்கள்.
அச்சு அசல்.

கம்பெனி வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"இவ்வளவு நல்லா எழுதறவருக்கு
ஊனம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

வெளியே இளநீர் வண்டிக்கிட்டே
எங்க வக்கீல் பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டார்.
"ஏனுங்ணா, உங்களை யாரு
இத்தனை அழகாப் போடச் சொன்னது?"

திருச்செங்கோட்டு பஸ்ஸில்
கண்டக்டர் மீதிச் சில்லறையை வலது பக்கம் நீட்ட,
கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கினேன்.
அஞ்சு ரூபாய் ஒன்று உருண்டு
டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது.
அதைப் பார்க்க அங்கே வக்கீல் யாரும் இல்லை.

ராத்திரி மறுபடி நோட்டை எடுத்தேன்,
கோணலாக எழுதிப் பழக.
எப்படிப் போட்டாலும்
நேராகத்தான் வந்து நிற்கிறது.