கவுச்சி

பனாய் தீவு, எஸ்தான்சியா மீன்துறை.
நாய் கடித்தவர்கள் வந்து சேர்வது என் மேசைக்கு.
அன்று பதினொரு பேர்;
பதினொன்றாவது எர்லிண்டா, மீன்காரி.
கெண்டைக்காலில் நாலு பல்.
சோப்புப் போட்டுக் கால் மணி நேரம்
காலைக் கழுவச் சொன்னேன்.
ரத்தம் போயிற்று. மீன் வாடை போகவில்லை.

இரண்டு தோளிலும் ஊசி.
அட்டையில் தேதி குறித்தேன்:
மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டு.
சாப்பாட்டுக்கு அட்டையில் இடமில்லை.

அதைத் தெருக்காரர்கள் நிரப்பிவிட்டார்கள்.
கோழி ஆகாது, முட்டை ஆகாது,
இறால், நண்டு, கருவாடு
பேரைக்கூட எடுக்காதே.
கவுச்சி பட்டால் மருந்து முறியும்,
கடிவாய் சீழ் வைக்கும்,
ராத்திரியில் குரைப்பாய்.

மீன் விற்றுத்தான் அரிசி வாங்குகிறாள்.
அந்தச் சோற்றை உப்பைத் தொட்டுத் தின்றிருக்கிறாள்
ஏழு நாளும்,
பத்து விரலிலும் செதில் மினுங்க.

ஏழாம் நாள் வரிசையில் நின்றவள்
அப்படியே சரிந்தாள்.
விசிறினோம். பாதிக் கண் திறந்து கேட்டாள்:
"வந்துவிட்டதா மேடம், எனக்கு அது?"
வந்திருப்பது பசி என்றேன்.
மீன் சாப்பிடு, முட்டை சாப்பிடு,
ஊசி உன் தட்டை எட்டிப் பார்க்காது.
வாங்கும்போது மட்டும் செவுள் சிவப்பாக,
கண் குழி விழாமல்...
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
யாரிடம் சொல்கிறேன்!

அவள் சிரிக்கவில்லை.
"செவுள் சிவந்தது காலையிலேயே போய்விடும், மேடம்.
ஐஸ் கரைந்து, ஈ உட்கார்ந்து,
இருட்டும்போது கூடையில் கிடப்பதுதான்
எங்கள் வீட்டு மீன்."

குளிர்பெட்டியில் என்னிடம்
நாய்க்கடிக்கு மருந்து இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் தானே வந்தாள்,
கன்னத்தில் கொஞ்சம் சதை.
இப்போதெல்லாம் கூடை இறங்கியதும்
ஒரு சாளையை முதலில் எடுத்து
ஐஸுக்கடியில் ஒளித்துவிடுகிறாளாம்.
"அதற்கு விலை கேட்டால்
வித்துப்போச்சு என்பேன்.
யாருக்கு என்று சொல்லமாட்டேன்."

முதல் நாள் வாசலில் உட்கார்ந்து தின்றபோது
தெருவே வேலி ஓரம் நின்று பார்த்ததாம்,
எப்போது குரைப்பாள் என்று.
குரைத்தது, கட்டிப்போட்டு
இன்னும் சாகாதிருந்த அந்த நாய்தான்.
தலையை அதற்கு எறிந்தாளாம்.

நல்ல மீன் மேடம், முழுசாகத் தின்றது.