கூரைக்கு இரண்டாம் முறை

டெல்ஃபினா மாயெஸ்டாஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது
கதவில் இன்னும் அவன் இருந்தான்:
தொப்பி, மீசை, அக்குளில் ஒரு சேவல்.
கல்யாணமான புதிதில் யாரோ வரைந்தது.
மூக்கு மட்டும் நிஜத்தைவிட நேர்.
"இவன் மேல் மிட்டாய்ச் சிவப்பு அடி" என்றாள்.

மிட்டாய் வண்ணம் எதையும் மூடாது என்றேன்.
கெம்புக்குக் கீழே தகடு வைப்பதுபோல
அடியில் வெள்ளிப்பொடி மின்னினால்தான் அது சிவப்பு.
அவன் மேல் அடித்தால்
வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி
சிவந்துபோய் அங்கேயே நிற்பான்.

சிரித்தாள்.
பிறகு, "அப்படியானால் தேய்."

தேய்த்தேன். எண்பதாம் நம்பர் தாள்.
மீசை முதலில் போயிற்று,
சேவல் கடைசிவரை மல்லுக்கு நின்றது.
அவனுக்கடியில் ஒரு பச்சை,
பச்சைக்கடியில் தொழிற்சாலைப் பழுப்பு,
அதற்கும் அடியில் எவனோ அவசரத்தில் அப்பிய பட்டி.
எழுபத்தெட்டாம் வருட மோண்டே கார்லோ
இரண்டு நாள் வெறும் தகரமாக நின்றது
எஸ்பான்யோலாவின் மணல் காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு.

கூரை வேலைக்குச் சமையலறைத் திரையைக் கொண்டுவந்தாள்,
பூப்போட்ட லேஸ்.
விவாகரத்தில் அவள் பங்குக்கு வந்தவை
வண்டி, திரை, இரண்டு நாற்காலி.
வெள்ளியின் மேல் திரையை இழுத்து ஒட்டி
அதன் கண்கள் வழியே கறுப்பைத் தூவி
உரித்தெடுத்தேன். பூக்கள் தங்கின.

பிறகு சிவப்பு.
தூசி எழாதிருக்கத் தரையெல்லாம் தண்ணீர்.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே இரைச்சல்.
முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை
கை ஒரே உயரத்தில், நிற்காமல் நடக்க வேண்டும்.
நின்ற இடம் இருட்டும்.
தும்மினால் தெரியும்.
வாடகை ஞாபகம் வந்தால்கூடத் தெரியும்.
முதல் பூச்சு, துடைத்த உதட்டில் மிச்சமிருக்கும் சாயம்.
மூன்றாவதில் மாதுளை.
ஆறாவதில்
முள் நீக்கி வெயிலுக்கு எதிரே பிடித்த
சப்பாத்திக்கள்ளிப் பழம்.

ஏணியில் ஏறிப் பார்த்தவள் இறங்கவில்லை.
கூரை நடுவே, பூக்களுக்கு ஊடே
விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
திரை கிழிந்து அவள் தைத்த இடம்.
எதனால் கிழிந்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லா வாடிக்கையாளருக்கும் வைத்திருக்கும் பொய்யை எடுத்தேன்:
தழும்பும் ஒரு அழகு,
கைவேலைக்கு அதுதான் அடையாளம்...
"ஒனேசிமோ,
காலை ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்கிறவள் நான்.
நாற்பது பிள்ளைகள்.
அழகான தழும்பெல்லாம் என்னிடம் போதுமான அளவு இருக்கிறது.
கூரையை ஒழுங்காகச் செய்."

மிட்டாயில் ஒட்டுப்போட வழியில்லை.
ஒரு நகக்கீறல் என்றாலும்
அந்தத் தகடு முழுக்க முதலிலிருந்து.
இரண்டாம் முறைக்கும் பணத்தை எண்ணி வைத்தாள்,
பேரம் இல்லாமல், சில்லறை உட்பட.
கடையிலிருந்து புது லேஸ் மூன்று கெஜம்,
விலைச்சீட்டு தொங்கத் தொங்க.
பழைய திரை இப்போது என் பட்டறையில்
எண்ணெய் துடைக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் ரிவர்சைடு சாலையில்
நடந்து போகிறவர்களும் முந்திப் போகும் வேகத்தில்
உருட்டிக்கொண்டு வந்தாள்.
பெட்ரோல் பங்க் நிழலில் வண்டி கறுப்பு.
நிழல் தாண்டியதும்
யாரோ உள்ளே அடுப்பு மூட்டினார்கள்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
ஒரு விரலை மட்டும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்கினாள்.

கதவில் அப்போது நான் இருந்தேன்,
கொஞ்சம் வளைந்து, கையில் காபியோடு,
பின்னால் ஒரு நாய், ஹெமஸ் மலையின் ஒரு துண்டு.
வண்டி கடந்தது.
பிறகு கதவில் அடுத்த கடை.