ஆற்றின் பெயர்

கிருஷ்ணகிரி கோர்ட்டில் என் மணவிலக்கு
முடிந்து நான்கு வருடம்.
மதம் என்ற கட்டத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிய குமாஸ்தா
நான் சொன்ன பிறகு அடித்துவிட்டு நிமிர்ந்தார்:
"யூதர்னா, பைபிள்ல வர்றவங்களா?
இன்னுமா இருக்கீங்க?"

இருக்கிறேன் சார்.
ஓசூர் சிப்காட்டில் பேரிங் விட்டம் அளக்கிறேன்.
ஒரு மைக்ரான் கூடினாலும்
திருப்பி அனுப்பிவிடுவேன்.

சர்க்காருக்கு நான் யார் மனைவியும் இல்லை.
அஷ்தோதில் பஸ் ஓட்டும் எலியாஹுவுக்கு
இன்னும் மனைவிதான்.
பன்னிரண்டு வரி.
அவன் சொல்ல, எழுத்தர் ஒருவர்
எனக்கென்றே எழுத வேண்டிய பன்னிரண்டு வரி.
அவனாகக் கொடுத்தால்தான் உண்டு.
கொச்சியில் அம்மா விட்டுப்போன நாலு சென்ட்டைக் கேட்டான்,
எழுதிக் கொடுத்தேன்.
யோசிக்கணும் என்றான்.
மூன்று பஸ்கா போய்விட்டது,
யோசிக்கிறான்.

என்னைப் போல் கட்டுண்டவளுக்கு
எங்கள் வேத மொழியில் ஒரு சொல் இருக்கிறது,
நங்கூரத்துக்குப் பக்கத்துச் சொல்.
ஓசூரில் கடலுக்கு நான் எங்கே போவேன்?

நேற்று மதியச் சாப்பாட்டு மணியில் போன்.
அவன் நாளைக்கு வருகிறானாம்.
எழுத்தர் கேட்டார்:
உன்னை அழைக்கும் பெயர்கள் எல்லாம் சொல்.
சிப்போரா. வீட்டில் சிப்பி. கம்பெனியில் ஜிப்ரா மேடம்.
ஊர் எந்த ஆற்றின் மேல்?
ஓர் எழுத்து பிசகினாலும் செல்லாது, அம்மா.

தென்பெண்ணை என்றேன்.
எழுத்துக்கூட்டு என்றார்.
உங்கள் எழுத்தில் ண இல்லையே ஐயா.
எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு பெயர் வேறு.
ஜனங்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்
என்பதுதான் கணக்கு என்றார்.

விடிந்ததும் கெலவரப்பள்ளிக்கு ஸ்கூட்டியில் போனேன்.
தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரம் வெள்ளை நுரை,
காற்றில் பிய்ந்து கீரைத் தோட்டத்தில் விழுகிறது.
இளநீர்க்காரரிடம் கேட்டேன்:
இந்த ஆத்துக்குப் பேர் என்னண்ணா?
மூக்கிலிருந்து துண்டை எடுக்காமல் சொன்னார்:
"பேரா? நாத்தம்."

ராத்திரி லேயா வீட்டுப்பாடம் எழுதினாள்.
இரண்டாம் வேற்றுமை, உருபு ஐ.
பெண் கூட்டல் ஐ, பெண்ணை.
அம்மா, இது நம்ம ஆறு இல்ல?
ஆமாம்டி.
அப்புறம் என்னம்மா எழுதறது,
பெண்ணை... பெண்ணை என்ன செஞ்சான்?
வினை இல்லாம டீச்சர் மார்க் போட மாட்டாங்க.

இன்று மணி பன்னிரண்டே முக்கால்.
மைக்ரோமீட்டரைத் துடைத்து வைத்துவிட்டு
கேண்டீன் பின்சுவரோரம் நிற்கிறேன்.
வந்துவிட்டான், உட்கார்ந்தான்,
சிகரெட் பிடிக்க வெளியே போனான்
என்கிறார் எழுத்தர்.
இறகில் மை காய்கிறதாம்.

அதற்குள் இன்னொரு முறை சொல்லம்மா,
அந்த ஆறு.

சொல்கிறேன்.
தென்.
பெண்.
ணை.