மீதி நூல்

பள்ளியில் கொடுத்த வேலை:
இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் அளந்து வா.
உலக உருண்டையில் ஹெல்சின்கிமேல் ஒரு குண்டூசி,
ஒசாகாமேல் ஒன்று.
என் கையுறையில் பிரிந்து தொங்கிய சிவப்பு நூலை
இழுத்துக் கட்டினான் அக்கி.
இருபது சென்டிமீட்டர்.
பெருக்கினால் ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
சொச்சத்தை ஆசிரியை அடிக்கோடிடுவார், தெரியும்.
அப்படியே எழுதினான்.

இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி
கூப்பிடலாம் என்று வைத்த பெயர் அக்கி.
கூப்பிடுகிறவர்கள்தாம் இப்போது
ஆளுக்கொரு ஊரில்.

அடுத்த கேள்வி: எத்தனை மணி நேரம்?
ஒன்பது, என்றான் தானாகவே.
நாலு வயதில் போன நினைவு:
இரண்டு படம், ஒரு தூக்கம், மடியில் கொட்டிய தயிர்.
பதின்மூன்று, என்றேன்.
நூல் நீளவில்லையே?

விமானங்களுக்குப் பாதை போடுவது என் பிழைப்பு.
இந்தக் கேள்வியை
மேசையில் தினமும் கேட்கிறேன்,
இவ்வளவு நேராக இல்லை.
கிழக்கே வானத்தைப் பூட்டிவிட்டார்கள், என்றேன்.
வானத்தில் பூட்டை எங்கே மாட்டுவார்கள்?

பதிலுக்கு நூலை எடுத்தேன்.
வடக்கே ஏற்றி, ஸ்வால்பார்டைத் தொட்டு,
துருவத்தின் உச்சந்தலையில் வகிடு எடுத்து,
அலாஸ்காவின் ஓரமாய்ப் பசிபிக்கில் இறக்கினால்
எட்டவில்லை.
இன்னும் பிரித்தோம். இன்னும்.
ஒசாகா வந்து சேர்ந்தபோது
கையுறையில் கட்டைவிரல் இல்லை.

முப்பத்து மூன்றரை.
'இந்தப் பதின்மூன்றரை சென்டிமீட்டர் யாருடையது?'

எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொன்னேன்:
லாப்லாந்தில் ஒரு பழைய அளவை உண்டு.
பனிமான் ஒரு முறை ஒன்றுக்குப் போய்
மறுமுறை நிற்கும்வரை ஓடுகிற தூரம்.
அப்பா வீடு முன்பு ஆயிரம் பனிமான்,
இப்போது ஆயிரத்து எழுநூறு.
சிரித்துச் சிரித்து விக்கினான்.
கேள்வி மட்டும் மேசையிலேயே கிடந்தது.

பிப்ரவரியில் அவன் தனியாகப் போனான்,
கழுத்தில் அட்டை.
வாசல்வரை கொண்டுபோய் விட்டது என் தங்கை சைனி.
நான் இரண்டு மாடி தள்ளி
அவன் விமானத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
எங்கள் தாளில் குழந்தை என்றால் முப்பத்தைந்து கிலோ,
எந்தக் குழந்தையானாலும்.
காலையில் குளியலறைத் தராசில்
பூட்ஸோடு இருபத்து நாலு.

கூடுதல் எரிபொருள்: இருபது நிமிடம்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
காற்று, என்று போட்டேன்.
அன்று காற்று பசுமாடு மாதிரி இருந்தது.
கேப்டன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கையெழுத்திட்டார்.

துருவத்தின்மேல் போகும்போது மணி என்னம்மா,
என்று முந்தின இரவு கேட்டிருந்தான்.
எல்லா மணியும், என்றேன்.
உன்னுடையதும் அப்பாவுடையதுமா?
ஆமாம். தூங்கு.

திரையில் அந்தப் புள்ளி உச்சியைக் கடந்தபோது
காபி இயந்திரத்தின் அருகே நின்றிருந்தேன்.
திரும்பிப் பார்ப்பதற்குள்
அலாஸ்கா பக்கம் சரிந்துவிட்டது.

விடிகாலை, பேருந்து நிறுத்தம்.
மாசாயுகி எழுதியிருந்தார்:
'வந்துவிட்டான். ஆறு நிமிடம் முன்னதாகவே.
விரலில் ஏதோ சிவப்பு நூல் சுற்றியிருக்கிறான்,
கழற்ற விடமாட்டேன் என்கிறான். என்ன அது?'

மைனஸ் பதினேழு.
எல்லா விரலும் கம்பளிக்குள்.
வெளியே நின்ற ஒன்றால்
பதில் தட்ட ஆரம்பித்தேன்.