இடப்பக்கம்

அணைத்து இருபது நிமிடம் ஆகட்டும் என்று
அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மின்தேக்கிக்கு ஞாபகசக்தி அதிகம்,
பிளக்கைப் பிடுங்கியதும் மறந்துவிடாது
என்பார் பொஹுஸ்லாவ்.
ஞாயிற்றுச் சந்தையில் வால்வு விற்பவர்,
ஒருமுறை சுவர்வரை போய் விழுந்தவர்.

ஓஸ்ட்ராவாவின் பனிக்குச் சாம்பல் நிறம்.
ஒன்பதாம் மாடி.
உள்ளே ஓல்ட்ரிஹ் தூங்குகிறார்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் பெரிய வால்வு நான்கு.
பாரம் சுமப்பவை.
அவற்றுக்கு முன்னால் சின்னது இரண்டு,
டிரைவர் என்று பெயர்.
சன்னமாக வந்ததை வாங்கி
பெரியவர்களை வேலைக்குக் கிளப்புவது அவைதான்.
நானும் டிரைவர்தான்.
இருபத்தேழு வருடம், எட்டாம் எண் டிராம்.
எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்
எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள்,
நான் போனதெல்லாம் பணிமனைக்கு.

விஷயம் இதுதான்:
இடப்பக்கம் மங்கிவிட்டது.
வயலின்கள் இருக்கவேண்டிய இடத்தில்
கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ இருமுவதுபோல.

நான்காயிரம் கொருனா கொடுத்தேன், ஒரு ஜோடிக்கு.
ரஷ்ய ராணுவ அட்டைப்பெட்டி,
மூடியில் நான் பிறந்த வருடத்தின் முத்திரை.
இவற்றை யாரும் ஏற்றியதே இல்லை என்றார்.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தேன்.
கண்ணாடித் தலைக்குள் வெள்ளிப் பூச்சு,
அதில் என் மூக்கு மட்டும் பெரிதாக.

பழையதைத் திருகக் கூடாது.
ஆடும் பல்லைப் போல
இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.
கையோடு வந்தது, இன்னும் இளஞ்சூடாக.
புதியதன் எட்டுக் கால்களை
துளைகளுக்கு மேல் வைத்து
நடுமுளை பள்ளத்தைக் கண்டுபிடிக்கும்வரை சுற்றினேன்.
பிறகு அழுத்தம்.
உள்ளே போகிறதா, உடைகிறதா என்று தெரியாத
அந்த ஒரு நொடி.

சுவிட்ச்.
ஆரஞ்சுப் புள்ளி, ஆரஞ்சுக் கோடு.
இசைத்தட்டில் ஊசியை இறக்கினேன்.

வலப்பக்கம் ஜன்னல் திறந்ததுபோல் இருந்தது.
இடப்பக்கம் அதே கம்பளி.

சரி, ஒன்று ஓட்டை என்று
இரண்டையும் இடம் மாற்றினேன்.
மறுபடி அணை, மறுபடி இருபது நிமிடம்.
குறை வால்வில் என்றால்
குறையும் கூடவே வலப்பக்கம் போகவேண்டும்.
போகவில்லை.
கம்பியை மாற்றினேன். போகவில்லை.
இருபத்திரண்டு கிலோ ஸ்பீக்கர்களை
கம்பளத்தில் வைத்து இழுத்து
அதை இங்கும் இதை அங்கும் வைத்தேன்.
கீழ்வீட்டு அம்மாள் துடைப்பத்தால் கூரையை இடித்தாள்.
போகவில்லை.

ஒரு திருகாணி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.
ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி
மண்டிபோட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.
தட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வயலின்கள் வந்தன.
ஒவ்வொரு வில்லும் தனித்தனியாக, ரோசின் பொடியோடு,
என் வலது காதில்.
இந்தப் பக்கம் வந்துவிட்ட டிரம்பெட்டோ
கம்பளிக்குள் இருந்தது.

எழுந்திருக்கவில்லை.
மாற்றிப் பார்க்காத ஒன்று மிச்சமிருந்தது.
அதற்கு சாக்கெட் கிடையாது.

டிராமில் டிரைவரின் இடப்பக்கம்தான் ஜன்னல்.
கோடையில் திறந்தே கிடக்கும்.
எதிர்வண்டி உரசிப் போகும்,
வளைவில் தண்டவாளம் கிரீச்சிடும்,
எதிரே வருபவன் மணியடித்துக் கையசைப்பான்,
நானும் அசைப்பேன்.
இருபத்தேழு கோடை.

ஓல்ட்ரிஹ் எழுந்து வந்தார்.
இறைந்து கிடந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
நாற்காலியைத் தூக்கி
மேசையைச் சுற்றிக் கொண்டுபோய்
என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

எப்போதிலிருந்து இந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்றேன்.
ரொம்ப நாளாக, என்றார்.
இங்கேதான் ஹீட்டர்.

ஹீட்டர் அந்தப் பக்கம் இருக்கிறது.

மாலையில் பொஹுஸ்லாவ் அழைத்தார்.
போனை எந்தக் காதில் வைத்தேன் என்று
முதன்முறையாகக் கவனித்தேன்.
எப்படி இருக்கிறது, சொல் என்றார்.
பாதிக்குத்தான் நான் சாட்சி, என்றேன்.
அந்தப் பாதி பிரமாதம்.